ஸ்டம்ப் கிரைண்டர்: எச்.பி.யை அப்புறம் பாருங்க, முதல்ல ஆழத்தைக் கேளுங்க

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் காலி மனை வெச்சிருக்கீங்களா? அப்போ சீமைக் கருவேலத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். விறகுக்காக இங்கே பரப்பினாங்க. இப்போ ஏரி, மனை எதையும் விடல. 2022-ல் தமிழக அரசு இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இதை வெட்டினா மட்டும் சாகாது. தரைக்குக் கொஞ்சம் கீழே, வேர் தொடங்குற இடத்துல மொட்டுகள் உறங்கிட்டு இருக்கும். மேலே அறுத்ததும் அங்கிருந்து புதுசா துளிர்க்கும். அதனால அடிக்கட்டையையே எடுக்கணும்.

ஜேசிபி போதாதா?

திறந்த வெளின்னா போதும். ஆனா காம்பவுண்டு சுவர், தண்ணிக் குழாய் பக்கத்துல பெரிய குழி தோண்ட முடியாது. அங்கேதான் டிராக்டர் பின்னாடி மாட்டுற ஸ்டம்ப் கிரைண்டர் உதவும். டிராக்டரோட பி.டி.ஓ. தண்டுல இருந்து வர்ற சக்தி, கார்பைடு பற்கள் வெச்ச சக்கரத்தைச் சுழற்றும். அது பக்கவாட்டில் நகர்ந்து கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா சீவி எடுக்கும்.

எதைப் பார்த்து எடுக்கணும்?

முதல் கேள்வி, தரைக்குக் கீழே எவ்வளவு போகும்? சீமைக் கருவேலத்துக்கு ஓர் அடியாவது வேணும். மேலோட்டமா அரைச்சா திரும்ப முளைக்கும். கொடுத்த காசு வீண்.

அடுத்து பி.டி.ஓ. சக்தி. 45 எச்.பி. டிராக்டர்னா பி.டி.ஓ.வில் கிடைக்கிறது 38 பக்கம்தான். கிரைண்டருக்கு வேண்டியதை இதோட ஒப்பிடுங்க.

மூணாவது ஹைட்ராலிக். சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்த ஒண்ணு, முன்பின் நகர்த்த ஒண்ணுன்னு இணைப்பு வேணும். உங்க வண்டியில் ஒரே வால்வ்தான்னா, இரட்டை வால்வ் பொருத்தணும்.

எதை மாத்தலாம், எதைத் தொடக் கூடாது?

வால்வ் சேர்க்கலாம். முன்பக்கம் எடை கட்டலாம். இல்லன்னா பின்பாரத்துல முன்சக்கரம் தூக்கும். பி.டி.ஓ. தண்டுல ஸ்லிப் கிளட்ச் போடலாம். சக்கரம் கல்லுல சிக்கினா கியர்பாக்ஸ் தப்பிக்கும்.

வேகத்தைக் கூட்ட புல்லியை மாத்தாதீங்க. பல் கழண்டா தோட்டா மாதிரி பறக்கும். தண்டு மேல இருக்கிற கவரைக் கழட்டவே கழட்டாதீங்க. நிமிஷத்துக்கு 540 சுற்றுன்னா நொடிக்கு 9. லுங்கி நுனி சிக்கினா சுதாரிக்க நேரமே இருக்காது. பி.டி.ஓ.வை நிறுத்தின பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்தும்; முழுசா நின்னப்புறம்தான் கிட்டப் போகணும்.

கடைசியா ஒண்ணு: தொடங்கறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள மின் கேபிள் போகுதான்னு விசாரிங்க. அந்த இடத்துல வீடு கட்டப் போறீங்கன்னா, மரத்தூளை அள்ளிட்டு மண் போட்டு இறுக்குங்க. தூள் மக்கினா தரை இறங்கும்.