நகலும் நாணயமும்

என் தங்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கற்பவள். சென்ற விடுமுறையில் கொழும்புக்கு வந்தவளைப் புறக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். நடைபாதைக் கடையொன்றில் தொங்கிய கைப்பையைக் கண்டதும் அவள் கால்கள் நின்றுவிட்டன. கபில நிறப் பை. அதன் மேலெல்லாம் 'எல்', 'வி' என்னும் எழுத்துக்கள் பொன்னிறத்தில் பின்னிக் கிடந்தன. விலை 2,500 ரூபாய். அசலின் விலையோ நம் நாட்டு ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம்.

"வேண்டாம் பிள்ளை, இது கள்ளச் சரக்கு" என்றேன்.

"மாமா, அசலை வாங்கக்கூடியவர் இந்த நடைபாதைக்கு வரப்போவதில்லை. நானோ அசலை ஒருநாளும் வாங்கப்போவதில்லை. அப்படியானால் இதை நான் வாங்குவதால் யாருக்கு நட்டம்?"

பஸ்ஸில் வீடு திரும்பும்வரை எனக்கு விடை கிடைக்கவில்லை. அதன்பின் பல நாட்களாகத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

அந்த இரண்டு எழுத்துக்களின் கதை விசித்திரமானது. லூயி வுய்த்தோன் என்பவர் 1854இல் பாரிஸ் நகரிலே பயணப் பெட்டிகள் செய்யும் கடையொன்றைத் தொடங்கினார். பெட்டிகள் பேர்பெற்றன; உடனே போலிகளும் பிறந்தன. 1888இல் அவர் சதுரங்கக் கட்டம் போன்றதொரு துணியைக் கொண்டுவந்து, பதிவுபெற்ற குறி என்று அதிலேயே எழுதியும் பார்த்தார். பயன் காணாமலே 1892இல் காலமானார். பின்னர் 1896இல் மகன் ஜோர்ஜ், தந்தையின் பெயரின் முதலெழுத்துக்களையும் பூவடிவங்களையும் இணைத்து ஒரு கோலம் வகுத்தார். எவரும் நகல் செய்யாதிருக்கவே அதனை வகுத்தார். கள்ளனுக்கு அஞ்சிப் போட்ட அந்தப் பூட்டைத்தான் இன்று கள்ளர்கள் முதலில் களவாடுகிறார்கள்!

அதே பாரிஸில் மடலேன் வியோனே என்னும் உடை வடிவமைப்பாளர், தாம் தைத்த ஆடைகளின் சீட்டிலே தம் கட்டைவிரல் ரேகையைப் பதித்தனுப்பினார். அவர் காலத்தவரான கொக்கோ ஷனெலோ, பிறர் தம்மைப் பார்த்துத் தைப்பதைத் தம் வெற்றியின் அடையாளமாகவே கொண்டார். ஒரு சட்டையின் வெட்டைப் பார்த்துத் தைப்பதிலே எனக்கும் குற்றம் தோன்றவில்லை. சினிமாப் படத்தைக் காட்டி நம்மூர்த் தையற்காரரிடம் தைப்பியாத குடும்பம் எது? வெட்டைப் பார்த்துத் தைப்பது வேறு. செய்யாதவன் பெயரைச் செய்தவன் பெயரென்று பொறிப்பது வேறு. சட்டமும் பின்னதையே முக்கியமாகக் கண்டிக்கின்றது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பொய்க்குறி இட்ட பொருளை விற்பது குற்றம். இத்தாலியிலோ 2005 முதல் வாங்குபவருக்கும் அபராதம் உண்டு.

ஆனால் சட்டத்தைக் காட்டி மருமகளின் வாயை அடைப்பது நியாயமாகப் படவில்லை. ஏனெனில் அசலை விற்கும் மாளிகைகளின் கைகளும் அத்துணைத் தூய்மையானவை அல்ல. 2024இல் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்தின் கிளையொன்றை நீதிமன்ற மேற்பார்வையின்கீழ் வைத்தது. அதற்குப் பைகள் செய்துகொடுத்த ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளரைப் பட்டறையிலேயே உறங்கவைத்து வேலைவாங்கியமை விசாரணையில் வெளியாயிற்று. கடையிலே 2,600 யூரோவுக்கு விற்ற பையொன்றைப் பொருத்தித் தைக்க, தோலின் விலை நீங்கலாக, கொடுக்கப்பட்டது 53 யூரோ! நிலைமை திருந்தியதென்று 2025இல் மேற்பார்வை நீக்கப்பட்டது. நகல் செய்யும் பட்டறைகளுக்கு இத்தகைய விசாரணை அரிதாகவே வருகிறது. அவற்றின் கதவிலே பெயர்ப்பலகை இல்லை.

நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்தது இதனிலும் சிக்கலானது. டாப்பர் டான் எனப்படும் டேனியல் டே என்ற கறுப்பினத் தையற் கலைஞர் 1982இல் அங்கே கடை திறந்தார். பெரிய மாளிகைகளின் குறிகளைத் தோலிலே தாமே அச்சிட்டு, அம்மாளிகைகள் கனவிலும் தைத்திராத அங்கிகளைத் தைத்தார். பாடகரும் குத்துச்சண்டை வீரரும் அவர் கடையில் இரவு பகலாகக் கூடினர். மாளிகைகள் வழக்குத் தொடுத்தன. 1992இல் கடை மூடப்பட்டது. அப்போது ஃபென்டி நிறுவனத்துக்காக வாதாடிய சட்டத்தரணி சோனியா சோட்டோமேயர், 2009இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றத்தின் நீதியரசரானார். கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் 2017இல் கூச்சி நிறுவனம் புளோரன்ஸ் நகரிலே காட்டிய மேலங்கியொன்று, 1989இல் டயான் டிக்சன் என்ற ஓட்ட வீராங்கனைக்கு டான் தைத்த அங்கியை அப்படியே ஒத்திருந்தது! கண்டனம் எழுந்தது, அது அவருக்குச் செய்த மரியாதை என்றது கூச்சி. அடுத்த ஆண்டு அவரோடு கூட்டுச் சேர்ந்து ஹார்லெமிலேயே தையற்கூடம் திறந்தது. ஏழை எடுத்தால் களவு, செல்வன் எடுத்தால் மரியாதை!

ஆகவே மாளிகைக்கு நட்டம் வருமே என்று நான் கண்ணீர் விடவில்லை. நட்டம் பாரிஸில் அன்று, காஞ்சிபுரத்தில் இருக்கின்றது. நம் வீடுகளில் கூறைக்கென்று விரும்பியெடுக்கும் காஞ்சிபுரப் பட்டிலே உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்யப்பட்டுக் கோர்க்கப்படுகின்றன. இந்தக் கோர்வை வேலைக்கு மூன்று நாடாவும், நெய்பவருக்குத் துணையாக இன்னொருவரும் வேண்டும். 2005இல் அப்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் விசைத்தறியில் நெய்து, போலிச் சரிகை வைத்து, அதே பெயரில் விற்பது நிற்கவில்லை. வுய்த்தோன் மாளிகைக்குச் சட்டத்தரணிகள் பலர், தறிக்காரருக்கு எவருமில்லை. அங்கே வாங்குபவரும் ஏமாறுகிறார்.

அன்றிரவு உணவின்போதே இவற்றுட் சிலவற்றை மருமகளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி மாமா. உங்கள் கையிலே இருக்கும் கடிகாரம்?"

எட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பயணமொன்றில் வாங்கியது. பெயர் சுவிற்சர்லாந்துப் பெயர். விலை ஒரு நேரச் சாப்பாட்டின் விலை. கந்தோரிலே நண்பரொருவர் அதைப் பார்த்து, "அசலா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவே. அவரும் அசலென்றே எண்ணிக்கொண்டு போனார். அதன்பின் என்னோடு பேசும்போது அவர் குரலிலே சற்று மரியாதை கூடியதையும் நான் கவனிக்காமலில்லை.

இதை அவளிடம் ஒளியாமற் சொன்னேன்.

"கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அப்படியானால் ஏமாற்றியது யார்?" என்றாள். சட்டம் கற்கும் பிள்ளையிடம் வாய் கொடுத்தது என் தவறு.

கட்டுநாயக்காவிலும் பிறவிடங்களிலும் நம் பெண்கள் உலகப் பெயர்களுக்காகத் தைக்கும் ஆடைகளில் மிஞ்சியவை, சீட்டு வெட்டப்பட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வருவதை வாசகர் அறிவர். துணி அதுவே, தையல் அதுவே. பெயர் மட்டும் இல்லை. மறுநாள் அத்தகைய கடையொன்றில் அவள் ஒரு சட்டை எடுத்தாள். கழுத்தின் உட்புறத்திலே சீட்டின் வெட்டிய விளிம்பு கொஞ்சம் உறுத்தியது போலும். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் ஊசி வாங்கி அதையும் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். பையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. பிறகு வாங்கினாளோ என்னவோ, நான் கேட்கவுமில்லை. என் கடிகாரம் மேசை லாச்சியில் கிடக்கின்றது.