காய்ச்சலோடு வரும் பிள்ளை: வாசலில் பேசாதீர்கள், முன்கூட்டியே எழுதுங்கள்

வன்னியில் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்களில் பிள்ளைப் பராமரிப்பும் ஒன்று. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலை, பாடசாலை, வங்கி என வேலைக்குச் செல்லும் தாய்மார் நம்பிக்கையான ஒரு வீட்டையே தேடுகின்றனர். முதலீடும் குறைவு. ஆனால் ஒரு தொற்றுநோய் இத்தொழிலை ஒரே வாரத்தில் முடக்கிவிடும்.

நெருக்கமான இடத்தில் நோய் எப்படிப் பரவும் என்பதை வன்னி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009 இல் மெனிக் பாம் முகாம்களில் கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவியதை அங்கிருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். நான்கு பிள்ளைகள், ஆளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபா. வயிற்றோட்டத்துடன் வந்த பிள்ளையை 500 ரூபாவை இழக்க மனமின்றி ஏற்கிறீர்கள். அது மற்றவர்களுக்கும் உங்களுக்கும் தொற்றி, ஐந்து நாள் வீட்டை மூடினால் இழப்பு 10,000 ரூபா.

தாயின் பக்கமும் சிரமம்தான். லீவு எடுத்தால் சம்பளம் வெட்டப்படும். எனவே விடியற்காலையில் பரசிட்டமோல் பாணி கொடுத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார். பத்து மணியளவில் காய்ச்சல் மீண்டும் ஏறுகிறது. அந்த நேரத்தில் விதி பேசினால் மனக்கசப்பே மிஞ்சும். ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள்.

எப்போது வரக்கூடாது?

● காய்ச்சல்: மருந்து கொடுக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும்.

● வயிற்றோட்டம், வாந்தி: கடைசியாகப் போனதிலிருந்து 48 மணித்தியாலம்.

● கொப்புளிப்பான்: எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை.

● சின்னமுத்து: தழும்பு தோன்றி நான்கு நாட்கள் கழியும் வரை.

சாதாரண தடிமலுக்காக, விளையாடிச் சாப்பிடும் பிள்ளையைத் திருப்பியனுப்பத் தேவையில்லை. டெங்கு ஆளுக்கு ஆள் தொற்றாது, நுளம்புதான் பரப்புகிறது. ஆனால் டெங்குக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வைத்தியக் கண்காணிப்பு அவசியம்.

சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் இலவசமாகப் போடப்படுகிறது. 2019 இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டும், 2023 இல் அந்நோய் மீண்டும் பரவியது. கொப்புளிப்பான் ஊசி அரச அட்டவணையில் இல்லை. எனவே அந்நோய் கண்டால் எல்லாப் பெற்றோருக்கும் உடனே அறிவியுங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல். கர்ப்பிணித் தாய்மாருக்கு அது ஆபத்தாகலாம்.

கட்டணம் எப்படி?

வந்த நாளுக்கு மட்டும் காசு என்றால், நோயுற்ற பிள்ளையையும் ஏற்கும் சபலம் பராமரிப்பவருக்கு வரும். முழு மாதக் கட்டணமும் கட்டாயம் என்றால், "காசு கொடுத்தேனே" என்று நோயை மறைக்கும் எண்ணம் தாய்க்கு வரும். நடுவழி ஒன்றுண்டு. மாதக் கட்டணத்தை நிலையாக வைத்து, வருடத்தில் குறிப்பிட்ட சில நோய் நாட்களுக்குப் பாதிக் கட்டணம் கழியுங்கள். நீங்கள் நோயுற்று மூடும் நாட்களுக்குக் காசு வாங்காதீர்கள். விதி இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் நிலைக்கும்.

பிள்ளை இடையில் சுகவீனமுற்றால் யார் வந்து எடுப்பது, எவ்வளவு நேரத்தில் என்பதையும் எழுதுங்கள். உம்மம்மாவோ சாச்சியோ, இரண்டு தொலைபேசி இலக்கங்கள் இருக்கட்டும். அதுவரை பிள்ளை தனியாகப் படுக்க, உங்கள் கண்பார்வையில் ஒரு மூலை வேண்டும்.

சவர்க்காரமும் ஓடும் நீரும் இத்தொழிலின் மூலதனம். வயிற்றோட்டக் கிருமிகள் பலவற்றுக்கு கைச்சுத்திகரிப்புத் திரவம் போதாது. துணி மாற்றிய பின்னும் உணவு கொடுக்க முன்னும் கை கழுவுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

நோயுற்ற பிள்ளையை ஒரு நாள் திருப்பியனுப்புவதால் வாடிக்கை போய்விடாது. தன் பிள்ளைக்காகவும் இதே விதி காக்கப்படும் என்று அறிந்த தாய், அடுத்த தாயையும் உங்களிடம் அழைத்து வருவார்.