அடைப்புக்குறி நாடு – 11: குறுக்கே வந்த நத்தை

மேற்கோள் காட்டும்போது கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும், முழு விவரம் கடைசிப் பட்டியலில் என்பதோடு போன வாரம் நிறுத்தினேன். புதிதாக வருகிறவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் இனிஷியல் தகராறு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன்; ஒரு நத்தை குறுக்கே வந்துவிட்டது.

அக்கா மகள் இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாமா, ஹார்வர்டு ஸ்டைல்ல ரெஃபரன்ஸ் கேட்டிருக்காங்க. அதோட ரூல் புக்கை ஹார்வர்டு சைட்ல தேடித் தேடிப் பாக்குறேன், காணோம்."

எப்படி இருக்கும்? ஏபிஏ முறைக்கு அமெரிக்க உளவியல் சங்கம் பொறுப்பு. 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது, இன்று ஏழாம் பதிப்பில் நிற்கிறது. சிகாகோ முறைக்கு அந்தப் பல்கலைக்கழக அச்சகம் 1906 முதல் கையேடு போடுகிறது. ஹார்வர்டு முறைக்கு மட்டும் ஹார்வர்டு வெளியிட்ட கையேடு கிடையாது. மைசூர் போண்டாவுக்கு மைசூர் மாநகராட்சியிடம் செய்முறை கேட்கிற கதைதான்.

பிறகு ஏன் அந்தப் பெயர்? இங்கேதான் நத்தை. 1881இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். ஓடில்லாத நத்தையின் முட்டை எப்படி முதிர்ந்து, கருவுற்று, பிளவுபடுகிறது என்பது விஷயம். அதன் 194ஆம் பக்கத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியில் போட்டார். இந்த முறையின் முதல் தடயம் என்று காட்டப்படுவது அந்தப் பக்கம்தான். ஈலை செர்னின் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் இதைத் துப்புத் துலக்கி, 1988இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அடிக்குறிப்புக்கு வேலையில்லாமல் செய்த முறை இது. ஆனால் வாசகருக்குப் புரிய வேண்டுமே என்று மார்க் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே விளக்கம் எழுதியிருக்கிறார். ஆம், அடிக்குறிப்பில்! இரண்டு நாளாகக் கண்டவரிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டேன். "அந்த நத்தை இன்னும் நகரலையா?" என்கிறாள் மனைவி.

சரி, அசைன்மென்ட். ஹார்வர்டு முறையில் கைக்குக் கை விதி மாறும் என்பதால் அவரவர் கல்லூரி கொடுத்த கையேடுதான் வேதம். கடைசிப் பட்டியல் குடும்பப் பெயரின் அகரவரிசையில். ஒரே ஆசிரியர் என்றால் பழையது முன்னால். ஒரே ஆண்டில் இரண்டு என்றால் ஆண்டோடு ஏ, பி. புத்தகம் என்றால் தலைப்பு சாய்வெழுத்தில். ஆய்விதழ் என்றால் இதழின் பெயர் மட்டும் சாயும், கட்டுரைத் தலைப்பு நிமிர்ந்தே நிற்கும். ஏபிஏவில் முதல் வரி ஓரத்தில், மற்ற வரிகள் அரை அங்குலம் உள்ளே. இவள் அதை ஸ்பேஸ் பார் தட்டித் தட்டிச் செய்து பழகியவள். நடுவில் ஒரு சொல் சேர்த்தால் மழையில் நனைந்த கோலம். வேர்டில் கன்ட்ரோலும் டியும் (T) அழுத்தினால் தீர்ந்தது.

இனிஷியலுக்கு வருகிறேன். அவள் பட்டியலில் எஸ். ஆர். ரங்கநாதன் இருந்தார், நம் நூலகத் தந்தை. எஸ் என்பது ஷியாலி, அதாவது சீர்காழி; ஆர் அப்பா ராமாமிர்தம். ஊரும் அப்பாவும் முன்னாலேயே நிற்பதால் 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். சிக்கல் இவளுக்குத்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு இவள் ஆய்வு எழுதினால், உலகம் அத்தானைத்தான் மேற்கோள் காட்டும். பெற்ற பெண் ஓர் எழுத்தாக, ஒரு புள்ளியோடு, அவர் பின்னால் நிற்பாள்.

இதற்கு என்ன வழி என்று எழுதுவதற்குள் பத்திரிகை ஆபீஸிலிருந்து இரண்டாம் போன். அடுத்த வாரம். அத்தானிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.