வளைபாதம் நேராவது எப்படி?

பிறந்த சிசுவின் பாதம் உட்புறமாகத் திரும்பிக் குதிகால் மேலே தூக்கி நிற்பதைக் கண்டவுடன் கிரகண தோஷமென்று பெற்றோர் கலங்குவதுண்டு; ஆயினும், ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நேரும் இந்த வளைபாதத்தில் தாயின் குற்றம் எதுவுமில்லை. கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் மட்டும் கோணிய பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் நேராகிவிடும். மெய்யான வளைபாதமோ இணங்காது.

அதையும் பெரிய சஸ்திர சிகிச்சையின்றி நிமிர்த்த முடிவது ஏன்? சிசுவின் பாத எலும்புகளிற் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதாலும், அவற்றைப் பிணைக்கும் நார்கள் நிதானமாக இழுத்துப் பிடித்தால் நீண்டு கொடுப்பதாலும், வாரந்தோறும் சிறிது சிறிதாகத் திருத்தித் தொடை வரை மாவுக்கட்டுப் போட்டு வந்தால், ஐந்தாறு கட்டுகளிலேயே பாதம் வெளிப்புறம் திரும்பிவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் இக்னாசியோ பொன்செட்டி 1940-களின் இறுதியில் வகுக்கத் தொடங்கிய இம்முறையை, வைத்திய உலகம் சுமார் அரை நூற்றாண்டு காலம் பொருட்படுத்தாமல் கத்தியையே நம்பியிருந்தது விசித்திரந்தான்.

குதிகால் நாணை மட்டும் சிறு துளை வழியே வெட்டித் தளர்த்துவது பெரும்பாலோருக்குத் தேவைப்படும்; சில வாரங்களில் அது தானே கூடிவிடும். உண்மையான பரீட்சை அதன் பின்னரே: 3 மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், அப்பால் 4 வயது வரை உறங்கும் வேளையிலும், குறுக்குச் சட்டத்தால் இணைத்த காலணிகளை அணிவிக்க வேண்டும்; குழந்தை அழுகிறதேயென்று இரங்கி அவற்றைக் கழற்றிவிடும் வீடுகளிலேதான் பெரும்பாலும் பாதம் மறுபடியும் வளைகிறது.