பழைய ஃபிளாப்பி வட்டைப் படியெடுத்தல்

1985-ஆம் ஆண்டில் தோன்றிய கொமடோர் அமிகா கணிப்பொறியைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். கணிப்பொறி இயங்குகின்றது, மென்பொருளைத் தாங்கிய மூன்றரை அங்குல ஃபிளாப்பி வட்டுகளோ நலிந்து வருகின்றன. ஈரக்காற்று வீசும் ஊர்களில் பூஞ்சையும் பிடிக்கும். காந்தப் பூச்சு உதிர்ந்தால், உதிர்ந்தது மீளாது.

ஆகவே வட்டின் உள்ளடக்கத்தைக் கோப்பாக்கி, யு.எஸ்.பி. நினைவகத்தில் இட்டு, இயக்கியின் இடத்தில் கோடெக் என்னும் கருவியைப் பொருத்துகின்றனர். தக்க நிரல் ஏற்றப்பெற்ற கோடெக் அக்கோப்பை வட்டெனவே காட்டும். கணிப்பொறி வேற்றுமை அறியாது.

படியெடுப்பதுதான் அரிது. அமிகா வட்டில் பக்கத்திற்கு 80 தடங்கள், தடத்திற்கு 11 பிரிவுகள், பிரிவிற்கு 512 பைட். இரு பக்கமும் கூடி 9,01,120 பைட். இவ்வமைப்பைப் பி.சி. கணிப்பொறி தானாகப் படிக்க வல்லதன்று. அதன் ஃபிளாப்பி இயக்கியைக் கிரீஸ்வீசில் என்னும் சிறு பலகையுடன் இணைத்தால், வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்ளலாம். முதற்கண் இப்பதிவையே எடுத்துக்கொள்க. பிரிவுகளை மட்டும் கொள்ளும் ஏ.டி.எஃப். கோப்பை இதிலிருந்து பின்னர் ஆக்கலாம். நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுடைய விளையாட்டு வட்டுகள் பல ஏ.டி.எஃப். கோப்பில் அடங்கா, அவற்றிற்கு மூலப்பதிவே துணை. நலிந்த வட்டு மறுமுறை சுழன்று பிழைக்குமென்று எவர் உறுதி கூற இயலும்?

வட்டை இடுமுன் அதன் எழுத்துத் தடைத் துளையைத் திறந்துவிடுக. ஒவ்வொரு வட்டிற்கும் பின்னர் இயக்கியின் தலையைத் துடைத்தலும் வேண்டும். ஒரு வட்டின் பூஞ்சை அடுத்ததைக் கீறிவிடும்.