கணினியின் நினைவில் நம் கணக்கு விவரங்கள்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் மாதங்களில் எங்கள் கிளைகளில் அடிக்கடி எழும் கேள்வி, "கணக்கு அறிக்கையை எப்படிப் பெறுவது?" என்பதாகும். இணைய வங்கிச் சேவையிலிருந்து நீங்களே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம் என்று நாங்கள் விடை கூறுகிறோம். வீட்டில் கணினி இல்லாத வாடிக்கையாளர் அருகிலுள்ள இணைய மையத்துக்குச் செல்கிறார், அறிக்கையைப் பதிவிறக்குகிறார், திறந்து பார்த்து அச்செடுக்கிறார், இணைய வங்கிச் சேவையிலிருந்து முறைப்படி வெளியேறிவிட்டு எழுந்து வருகிறார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றே அவர் எண்ணுவார்.

ஆனால், அவர் எழுந்த நாற்காலியில் அடுத்து அமர்பவர் கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தவுடன், அண்மையில் திறக்கப்பட்டவற்றின் வரிசையில் முதலாவதாக நிற்பது அந்தக் கணக்கு அறிக்கைதான். ஒருமுறை சொடுக்கினால் பெயர், முகவரி, கணக்கு எண், ஓய்வூதியம் வரவான நாள், வைப்புத் தொகை ஆகிய அனைத்தும் திரையில் விரியக்கூடும்.

ஓர் அறிக்கையைப் பார்த்த அளவில் எவரும் பணத்தை எடுத்துவிட முடியாது என்பது உண்மையே. எனினும், தொலைபேசியில் ஏமாற்றுவோருக்குத் தேவைப்படுவது நம்முடைய நம்பிக்கை. "சென்ற வாரம் உங்கள் கணக்கில் இன்ன தொகை வரவாகியுள்ளது, உங்கள் வைப்புத் தொகை அடுத்த மாதம் முதிர்வடைகிறது" என்று ஒருவர் சரியாகச் சொல்லும்போது, அவர் வங்கியிலிருந்துதான் பேசுகிறார் என்று நம்பிவிடுவது எளிது. அந்த நம்பிக்கையில்தான் ஒருமுறைக் கடவுச்சொல் கைமாறுகிறது. ஆகவே, கணினி நமக்காக வைத்திருக்கும் இந்தச் சிறு பட்டியலைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பட்டியல் எதை நினைவில் வைக்கிறது?

வங்கியின் பாதுகாப்புப் பெட்டக அறையில் ஒரு வருகைப் பதிவேடு உண்டு. யார், எந்தப் பெட்டகத்தை, எப்போது திறந்தார் என்பது அதில் இருக்கும். பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது இராது. கணினியின் பட்டியலும் இத்தகையதே. கோப்பின் பெயரும், அது இருக்கும் இடத்துக்கான வழியும் மட்டுமே அதில் உள்ளன.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, பட்டியலை அழித்தாலும் கோப்பு கணினியிலேயே இருக்கும். தேடுபவர் அதைக் கண்டெடுக்கலாம். இரண்டாவது, கோப்பை அழித்தாலும் அதன் பெயர் சில இடங்களில் எஞ்சியிருக்கக்கூடும். கோப்பின் பெயரிலேயே கணக்கு எண் இருக்குமானால் அதுவும் ஒரு தகவல்தான். எனவே கோப்பு, பட்டியல் ஆகிய இரண்டையும் நீக்கினால்தான் வேலை முழுமை பெறும்.

இந்த வசதி புதிதன்று. விண்டோஸ் 95 காலத்திலேயே தொடக்கப் பட்டியலில் அண்மைக் கோப்புகளுக்கென ஒரு பகுதி இருந்தது. இன்றோ ஒரே கோப்பின் பெயர் பல இடங்களில் பதிவாகிறது. இயங்குதளம் ஒரு பட்டியலையும், எக்செல், வேர்டு போன்ற செயலிகள் தனித்தனிப் பட்டியல்களையும், பி.டி.எஃப். கோப்பைத் திறக்கும் செயலி வேறொன்றையும், இணைய உலாவி தன் பதிவிறக்கப் பட்டியலையும் வைத்துக்கொள்கின்றன. ஒன்றை நிறுத்தினால் மற்றவை தாமாக நின்றுவிடுவதில்லை.

சொந்தக் கணினியில் நிறுத்தும் முறை

முதலில் விண்டோஸ் இயங்குதளம். 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'பர்சனலைசேஷன்' என்பதையும், அதற்குள் 'ஸ்டார்ட்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும், அண்மையில் திறந்த கோப்புகளைக் காட்டுவதற்கான ஒரு நிலைமாற்றி அங்கே இருக்கும். அதன் பெயரில் 'ஜம்ப் லிஸ்ட்ஸ்' என்ற சொற்கள் இடம்பெற்றிருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். அதை அணைத்துவிட்டால், தொடக்கப் பட்டியலிலும் திரையின் கீழ்ப்பட்டையிலும் அண்மைக் கோப்புகள் தோன்றுவது நின்றுவிடும்.

அடுத்து, கோப்புகளைக் காட்டும் சாளரமான 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்'. விண்டோஸ் 10-இல் 'வியூ' பகுதியின் வலக்கோடியிலும், விண்டோஸ் 11-இல் மேற்பட்டையிலுள்ள மூன்று புள்ளிகளுக்குள்ளும் 'ஆப்ஷன்ஸ்' இருக்கும். அதைத் திறந்தால் 'ஜெனரல்' என்ற பக்கத்தின் அடியில் 'பிரைவசி' என்ற பகுதியைக் காணலாம். அண்மையில் பயன்படுத்திய கோப்புகள், அடிக்கடி பயன்படுத்தும் கோப்புறைகள் ஆகியவற்றுக்கு எதிரேயுள்ள தேர்வுக் குறிகளை நீக்க வேண்டும். அருகிலுள்ள 'கிளியர்' பொத்தானை அழுத்தினால் அதுவரை சேர்ந்த பட்டியல் அழிந்துவிடும். நாமே விரும்பி நிலையாகப் பொருத்தி வைத்தவை மட்டும் அப்படியே இருக்கும். வேண்டாமெனில் அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.

பட்டியலை நேரில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு 'ஆர்' விசையைத் தட்டினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் 'ரீசென்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து 'என்டர்' விசையை அழுத்தினால், அண்மையில் திறந்தவற்றுக்கான குறுக்குவழிகள் அடங்கிய கோப்புறை திறக்கும். என்றோ திறந்து மறந்துபோன கோப்புகளின் பெயர்களும் அங்கே இருப்பதைக் காணலாம். இங்குள்ளவற்றை நீக்கினால் மூலக் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் நேராது.

எக்செல், வேர்டு ஆகிய செயலிகளில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்ற வரிசையில் சென்று, 'டிஸ்பிளே' என்ற தலைப்பின்கீழ் பார்க்க வேண்டும். எத்தனை அண்மைக் கோப்புகளைக் காட்டுவது என்ற எண் அங்கே இருக்கும். அதைச் சுழியமாக மாற்றிவிட்டால் பட்டியல் தோன்றாது. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோர், 'ஃபைல்' பட்டியலில் 'ரீசென்ட் டாக்குமெண்ட்ஸ்' என்பதற்குள் பட்டியலை அழிக்கும் வசதியைக் காணலாம். பி.டி.எஃப். செயலிகள் பலவற்றிலும் அண்மைப் பட்டியலை அழிக்கும் வசதி உண்டு.

உலாவியில் 'கன்ட்ரோல்' விசையுடன் 'ஜே' விசையை அழுத்தினால் பதிவிறக்கப் பட்டியல் தெரியும். அங்கிருந்து ஒரு பெயரை நீக்குவதால் மட்டும் கோப்பு அழிந்துவிடாது. பதிவிறக்கக் கோப்புறைக்குச் சென்று அதையும் நீக்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரே கணினி என்றால்

பல வீடுகளில் கணினி ஒன்றே. பிள்ளைகளின் பாடம், பெற்றோரின் அலுவலகப் பணி, தாத்தாவின் ஓய்வூதியக் கணக்கு என அனைத்தும் அதில்தான் நடைபெறுகின்றன. சிறு கடை நடத்துவோர் நாள்தோறும் அதே பத்துக் கோப்புகளைத் திறக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பட்டியல் உண்மையிலேயே பயனுள்ளது. அதை முற்றிலும் நிறுத்துமாறு நாங்கள் கூறமாட்டோம்.

இத்தகையோருக்கு ஏற்ற வழி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல் இடுவதாகும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதற்குள் இதற்கான வசதி உள்ளது. அண்மைப் பட்டியல் அந்தந்தப் பயனருக்குரியதாகவே இருப்பதால், ஒருவர் திறந்த கோப்பு மற்றவர் பட்டியலில் தோன்றாது. எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையுடன் 'எல்' விசையை அழுத்தித் திரையைப் பூட்டுவதும் இதனுடன் சேர்ந்த பழக்கமாக அமைய வேண்டும்.

பிறர் கணினியில் எவ்வாறு நடந்துகொள்வது?

இணைய மையம், நகலகம், அலுவலகம், நண்பர் வீடு ஆகிய இடங்களிலுள்ள கணினிகளின் அமைப்புகளை நாம் மாற்ற இயலாது, மாற்றுவதும் முறையன்று. அங்கே நம் கையில் இருப்பது நம் நடத்தை மட்டுமே. எனவே சிலவற்றை நினைவில் கொள்வோம்.

• கணக்கு அறிக்கை, வைப்புத் தொகைச் சான்று போன்றவற்றை இயன்றவரை பிறர் கணினியில் பதிவிறக்காதிருப்பதே முதல் பாதுகாப்பு. அச்சுப்படி மட்டுமே தேவையெனில், கிளையை அணுகியும் பெற்றுக்கொள்ளலாம்.

• உலாவியின் தனிமறைவுச் சாளரத்தைப் பயன்படுத்தினால், அதை மூடியவுடன் நாம் சென்ற பக்கங்களின் வரலாறு அந்த உலாவியில் தங்காது. ஆனால் அந்தச் சாளரத்தின் வழியே பதிவிறக்கிய கோப்பு கணினியிலேயே தங்கிவிடும். பலரும் அறியாத செய்தி இது.

• பதிவிறக்கியே ஆகவேண்டிய நிலையில், வேலை முடிந்ததும் கோப்பைத் தேர்ந்தெடுத்து 'ஷிஃப்ட்' விசையுடன் 'டெலீட்' விசையை அழுத்த வேண்டும். 'டெலீட்' மட்டும் அழுத்தினால் கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்லும். அங்கிருந்து எவரும் மீட்டெடுக்கலாம். பின்னர் அண்மைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வலச்சொடுக்கு செய்து நீக்க வேண்டும்.

• அச்செடுப்பதற்காக நகலகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ கோப்பை அனுப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. நாம் அனுப்பிய செய்தியைப் பின்னர் அழித்தாலும், கடையின் கணினியில் சேமிக்கப்பட்ட படி அழிவதில்லை. அச்சானதும் நம் முன்னிலையிலேயே அதை நீக்குமாறு தயங்காமல் கேட்கலாம்.

• ஆதார் நகல் கேட்கப்படும் இடத்தில் மறைக்கப்பட்ட ஆதார் ஏற்கப்படுமானால், அதையே தரலாம். அதில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி நான்கு மட்டுமே தெரியும்.

கடவுச்சொல் இருக்கிறதே என்று எண்ணலாமா?

மின்னஞ்சலில் வரும் அறிக்கைகளுக்குக் கடவுச்சொல் உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் பெயரின் சில எழுத்துகளும் பிறந்த தேதியும் சேர்ந்ததாகவே அமைகிறது. மின்-ஆதார் கோப்பின் கடவுச்சொல்லும் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே. நம்மை அறிந்தவர் ஒருவருக்கு இவற்றை ஊகிப்பது அரிதன்று. மேலும், ஒருமுறை திறந்த அறிக்கையை வேறொரு பெயரில் கடவுச்சொல் இல்லாத கோப்பாக அச்சிட்டுச் சேமித்தால் அந்தக் காப்பும் போய்விடுகிறது. கடவுச்சொல் ஒரு தாழ்ப்பாள். அது இருப்பதற்காகப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது.

அதேபோல், பட்டியலை அணைப்பதும் முழுமையான காப்பன்று. அழித்த கோப்பையும் மீட்டெடுக்கும் செயலிகள் உள்ளன. ஆகவேதான் பிறர் கணினியில் பதிவிறக்காதிருப்பதை முதலில் குறிப்பிட்டோம்.

உங்கள் கணக்கு விவரங்களைத் துல்லியமாகக் கூறி எவரேனும் தொலைபேசியில் அழைத்தால், அந்தத் துல்லியத்தையே ஐயத்துக்குரியதாகக் கொள்ளுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல், ஏ.டி.எம். ரகசிய எண் ஆகியவற்றை வங்கி ஒருபோதும் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கிளையைத் தொடர்பு கொள்ளுங்கள். பணம் பறிபோனால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும், உங்கள் கிளையையும் அழையுங்கள்.

வங்கிக்கு வரும் வாடிக்கையாளர் எவரும் பாஸ்புத்தகத்தை மேசைமீது திறந்து வைத்துவிட்டு வீடு திரும்புவதில்லை. எழும்போது கை தானாகவே அதை எடுத்துப் பைக்குள் வைக்கிறது. கணினியின் முன்னிருந்து எழும்போதும் அந்தப் பழக்கம் நமக்கு வரட்டும். கோப்பு நீங்கியதா, பட்டியல் நீங்கியதா, கணக்கிலிருந்து வெளியேறினோமா என்று மூன்றையும் பார்த்துவிட்டு எழுவோம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.