ராத்திரி 11.45-க்கு ஏன் கதவை அடைக்கிறார்கள்?

செங்கல்பட்டில் ரயில் ஏறித் தெற்கே போகிறவர்களுக்கு இது பழகிய எரிச்சல். நடுராத்திரியில் மதுரைக்கு டிக்கெட் போடலாம்னு ஐஆர்சிடிசி-யைத் திறந்தால் நடக்காது. இரவு 11.45 முதல் 12.20 வரை தினசரிப் பராமரிப்பு நேரம். மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. 'நைட் ஆடிட்' ஓடும்போது பல மென்பொருள்கள் எல்லாரையும் வெளியேறச் சொல்லும்.

இப்படி நேரம் ஒதுக்குவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பேக்கப். ஒரு டேட்டாபேஸை நகலெடுக்க நேரம் பிடிக்கும். இருக்கைப் பட்டியல் 11.50-க்கு நகலாகிறது என்று வையுங்கள். 11.52-க்கு ஒருத்தர் டிக்கெட்டை ரத்து செய்கிறார். பணப் பட்டியல் 11.55-க்கு நகலாகிறது. இப்போது நகலில் பணம் திரும்பிப் போயிருக்கும், இருக்கையோ இன்னும் அவர் பேரில் இருக்கும். அப்படி ஒரு நிலை நிஜத்தில் எந்த நிமிஷத்திலும் இருந்ததே இல்லை. மளிகைக் கடையில் ஸ்டாக் எடுக்கும் நாளில் வியாபாரத்தை நிறுத்துவது இதற்குத்தான்.

சரி, எப்படி அடைப்பது? ஆரக்கிளில் 'ரெஸ்ட்ரிக்டட் செஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் தனி அனுமதி உள்ளவர்கள் மட்டுமே புதிதாக உள்ளே வர முடியும். கவனிங்க, *புதிதாக*. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை அது தொடாது; அவர்களுடைய செஷன்களை நாம்தான் தேடி முடிக்கணும். இன்னொரு ஓட்டை இதைவிட மோசம். அப்ளிகேஷனே நிர்வாகி கணக்கில் இணைந்திருந்தால், அந்த அனுமதி அதற்கும் உண்டு. பூட்டு தொங்கும், கதவு திறந்தே இருக்கும். என் கணக்கில், பூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். அடுத்தது, பேக்கப் பாதியில் விழுந்தாலும் பூட்டைத் திறந்துவிடும்படி ஸ்கிரிப்ட் எழுதுவது. இல்லையென்றால் காலையில் வருகிற, தனி அனுமதி இல்லாதவர்களுக்கு 'ஓஆர்ஏ-01035' போன்ற பிழைதான்.

முன்னறிவிப்போடு அடைப்பது எப்படி என்பதற்கு 2021 நவம்பர் நல்ல உதாரணம். அது பேக்கப் இல்லை. புதிய ரயில் எண்கள் உள்ளிட்ட தரவு மாற்றம். ஆனால் அடைத்த விதம் ஒன்றுதான். ஏழு இரவுகள், 11.30 முதல் காலை 5.30 வரை முன்பதிவு அமைப்பு மூடியிருந்தது. அந்த நேரத்தில் கிளம்பும் ரயில்களுக்குப் பயணிகள் சார்ட்டை முன்கூட்டியே தயார் செய்யச் சொல்லியிருந்தார்கள். 139 விசாரணைச் சேவை தொடரும் என்றும் அறிவித்தார்கள்.

'இந்தக் காலத்திலுமா அடைக்கணும்?' என்று கேட்டால், எல்லா இடத்திலும் தேவையில்லை. ஆரக்கிளின் ஆர்மேன், லாக் சேமிப்பு இயங்கும்போது ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே பேக்கப் எடுக்கும். மைஎஸ்கியூஎல்-இல் 'சிங்கிள் டிரான்ஸாக்ஷன்' முறையும் அப்படித்தான், ஆனால் அது இன்னோடிபி டேபிள்களுக்கு மட்டும். பழைய மைஐசாம் டேபிள்கள் கலந்திருந்தால், எழுதுவதை நிறுத்தித்தான் ஆகணும். படிப்பதை மட்டும் விட்டுவைக்கலாம்.